பிளாட்பாரக் கட்டையில் இழைத்த மணை

நம் வயதுக்காரர்களின் வாழ்க்கை இப்போது பெஞ்சு பெஞ்சாகத்தான் கழிகிறது. காலையில் பூங்கா பெஞ்சு, அப்புறம் பாங்க் பெஞ்சு, சாயங்காலம் ரத்தம் எடுக்கிற இடத்துப் பெஞ்சு. உட்காரும் விஷயத்தில் நான் பேதம் பார்க்காதவன். சிமென்ட்டோ, இரும்போ, பிளாஸ்டிக்கோ, இடம் காலியாக இருந்தால் போதும், என் உடம்பு என்னைக் கேட்காமலேயே போய் அமர்ந்துவிடும். ஆனால் ஹைதராபாத் கச்சிபௌலியில் என் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போன மாதம் ஒரு பெஞ்சு வந்திருக்கிறது. அதில் மட்டும் உட்காருவதில்லை.

நாலு விரல் கனம். ஓரத்தைச் சீவாமல் மரத்தின் கோணல் அப்படியே. நடுவில் ஆணி இருந்த ஓட்டையைக்கூட அடைக்காமல் அதன் மேலேயே பளபளவென்று வார்னிஷ். மருமகள் அதைத் தடவிக் கொடுத்து, பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் கையால் செய்தது, உப்பலில் ஒரு பட்டறையில் சொல்லிவைத்து வாங்கினோம் என்றாள். குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலத் தடவினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு நின்று சாப்பிடுவது நல்லதென்று டாக்டர் சொன்னதாக வீட்டில் ஒரு பொய்யும் சொல்லி வைத்திருக்கிறேன். மகன் நம்பவில்லை. என் சொல்லை நம்பாதிருப்பது எங்கள் குடும்பத்தில் அறுபது வருஷப் பழக்கம்.

அவர்களிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் அந்தக் காலத்து ரயிலில் போனவர்கள். பெட்டிக் கக்கூஸில் குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாகக் கீழே சரளைக்கல் ஓடுவது தெரியும், ஞாபகம் இருக்கிறதா? தொட்டி கிடையாது, குழாய் கிடையாது, நேரே தண்டவாளம். தண்டவாளத்துக்கு அடியில் வரிசையாகக் கிடந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டது எது? அந்தக் கட்டைதான்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வெயில்காலம் அது. நாங்கள் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அரக்கோணம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம். அப்பாவும் அதே பட்டறையில், ரயில் பெட்டிகளுக்கு மரவேலை செய்யும் பிரிவில் மேஸ்திரி. அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மரம். ஒன்று ரயில்வே மரம், இன்னொன்று விறகு. கடையில் விற்கிற நாற்காலியில் உட்கார நேர்ந்தால் எழுந்து நின்று ஒரு தடவை அதை ஆட்டிப் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்காருவார்.

கல்யாணத்துக்குப் பந்தி போட பெஞ்சுகள் வேண்டும். அதைவிட முக்கியமாக, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார ஒரு மணை வேண்டும். இருவர் அமரும் அகலத்தில், குட்டைக் கால்கள் வைத்து, ஓரமெல்லாம் கொடியும் கிளியும் செதுக்கித் தன் கையாலேயே செய்வதாக அப்பா அறிவித்தார். தாலி ஏறும்போது பெண் உட்காரும் பலகை அப்பன் இழைத்ததாக இருக்க வேண்டும், பிறகு அதுவே சீரோடு சீராக அவள் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்து மரவேலைக்காரக் குடும்பங்களில் அது ஒரு கௌரவம். சொன்னபோது அக்காவே சந்தோஷப்பட்டாள். கிளிக்கு மூக்கு சிவப்பாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தண்டவாளங்களுக்கு அடியில் மரத்துக்குப் பதில் கான்கிரீட் கட்டை போட ஆரம்பித்திருந்தார்கள். பிடுங்கிய மரக்கட்டைகள் மலைபோலக் குவிந்து ஏலத்துக்குக் கிடந்தன. எல்லாம் சால் மரம், கல்லு மாதிரி. குவார்ட்டர்ஸில் பலரும் வாங்கி வேலிக்கும் கோழிக்கூண்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வாங்கத் தெரியவில்லை என்று அப்பாவுக்கு இளக்காரம். குவியல் குவியலாகச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, யாருமே சீந்தாத ஒரு குவியலைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை ஒட்டிய பாதையிலிருந்து பிடுங்கிய கட்டைகள்.

வந்தவர் போனவரிடமெல்லாம் காரணம் சொன்னார். "மெயின் லைன் கட்டை அடி வாங்கின கட்டை. எக்ஸ்பிரஸ் ஓடி ஓடி உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருக்கும். பிளாட்பாரத்துல வண்டி ஊர்ந்துக்கினு வருது, ஊர்ந்துக்கினு போவுது. கட்டை அலுங்காம புதுசாட்டம் இருக்கும். இதெல்லாம் வெளியாளுக்குத் தெரியாது."

சரிதான். ரயில்வேக்காரன் ஒருவனுக்குத்தான் அப்படி யோசிக்கத் தெரியும். ரயில்வேக்காரன் ஒருவனால்தான் அப்படி ஏமாறவும் முடியும். வண்டி ஊர்ந்து வந்தது, ஊர்ந்து போனது. நடுவில் நின்றதே, அது? வண்டி நிற்கும்போது உபயோகிக்க வேண்டாமென்று பெட்டிக்குள் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நம் ஜனங்கள், வண்டி நின்றால்தானே ஆடாமல் உட்கார முடியும் என்று ஸ்டேஷன் வருவதற்காகவே அடக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள். இரண்டு தலைமுறையாக ஊரே காத்திருந்து இறக்கி வைத்த பாரமெல்லாம் அந்தக் குவியலில் இருந்தது. மற்றவர்கள் ஏன் அதைச் சீந்தவில்லை என்று அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மாட்டுவண்டியில் வந்து பின்கட்டில் இறங்கிய அன்று தார் எண்ணெய் வாடைதான் முதலில் வந்தது. கரையான் ஏறாமலிருக்க ஸ்லீப்பருக்குள் ஏற்றுகிற எண்ணெய். அது பரவாயில்லை, புது ரோடு மாதிரி, மூக்குக்கு ஒரு பலசாலித்தனமான வாடை. மத்தியான வெயில் ஏறியதும் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது. புளித்தது, பழையது, இனிப்பு மாதிரி தொடங்கி அடித்தொண்டையில் போய் உட்காருவது. கட்டையின் வெடிப்புகளில் கறுப்பாக ஏதோ காய்ந்து செதில் செதிலாக நின்றது. நான் ஒரு குச்சியால் நோண்டினேன். எதையும் நோண்டிப் பார்க்கும் குணம் எனக்கு இன்றும் உண்டு, அதனால் பல நண்பர்களை இழந்திருக்கிறேன். குச்சி முனையில் வந்ததை மோந்து பார்த்துவிட்டு முருங்கை மரத்தடியில் காலைச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் ஆசாரத்துக்கு அத்தை பொறுப்பு. அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவள். தெருக்காலோடு அடுப்பங்கரையில் நுழைந்தால் குளிக்கச் சொல்வாள். காக்கை எச்சம் பட்ட வேட்டியைத் துவைக்கக்கூட விடமாட்டாள், தூக்கியெறியச் சொல்வாள். அவள் இந்தக் கட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நான் பெரிதாக நம்பியிருந்தேன். அவளோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, இழைத்துவிட்டால் மரத்துக்கு மறுஜென்மம், அதற்கெல்லாம் தீட்டுக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தம்பி சொன்னால் அவளுக்கு வேதம். தீட்டு என்பது ஆளைப் பார்த்து வருகிற சாமான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அறுக்க முதலில் உப்பல் பக்கம் ஒரு மர மில்லுக்கு வண்டியில் ஏற்றிப் போனார் அப்பா. மில்காரர் கட்டையைப் பார்த்ததுமே பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ஸ்லீப்பருக்குள் முறிந்த ஆணி இருக்கும், பொடிக்கல் ஏறியிருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும். போன வண்டி அப்படியே திரும்பியது. அதன்பின் ஆள் ரம்பம் இழுக்கிற இருவரைக் கூட்டி வந்தார். அண்ணன் தம்பி. பின்கட்டில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் கட்டையைக் கிடத்தி, கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார்கள். கட்டை மேல் ஒருவர் நிற்பார், குழிக்குள் ஒருவர். நீள ரம்பம் மேலே போகும், கீழே வரும். கோடு பிளக்கப் பிளக்க ஆப்பு அடிப்பார்கள், ரம்பத்துக்கு மண்ணெண்ணெய் தடவுவார்கள். கட்டை மெதுவாக வாயைத் திறக்கும்.

வெளியே கரிக்கட்டை. உள்ளே பார்த்தால் சிவந்த பழுப்பில் வரி வரியாக அவ்வளவு அழகு. அப்பா விரலால் வரியைப் பின்தொடர்ந்துகொண்டே நிற்பார். அழகு கண்ணுக்கு. மூக்குக்கு வேறு செய்தி. அறுபடும்போது கட்டை சூடாகி, உள்ளே ஊறி அடைத்திருந்தது எல்லாம் விடுதலை பெற்று எழும். மரத்தூள் முழுக்கக் குழிக்குள் நிற்பவர் முகத்தில்தான் கொட்டும். அதனால் தினமும் காலையில் அண்ணன் தம்பிக்குள் பஞ்சாயத்து. "ரோஜ் மைச் கைக்கு நீச்சே?" என்று தம்பி கேட்பார். தினமும் நானே ஏன் கீழே என்பது அர்த்தம். அண்ணன் பதிலுக்கு அவர் குடித்த கள்ளையும் கட்டாத கல்யாணத்தையும் இழுப்பார். கடைசியில் காசைச் சுண்டிப் போடுவார்கள். தோற்றவர் தலைத்துண்டை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுடுகாட்டுக்குப் போகிற முகத்தோடு குழியில் இறங்குவார். சாயங்காலம் ஏறி வரும்போது கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. துப்பினால் எச்சில் கறுப்பு.

அவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் அத்தை சொம்பைக் கொடுக்கமாட்டாள். எட்டி நின்று உயரத்திலிருந்து ஊற்றுவாள், அவர்கள் குனிந்து கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். தெறித்த துளி தன் புடவையில் பட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொள்வாள். பிறகு அவர்கள் அறுத்து அடுக்கிய பலகை மேல் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். இதைப் பார்க்காத நாளில்லை. அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. கட்டை நாறுகிறதே என்று மட்டும் பொருமினேன். இன்று நினைத்தால், குச்சி முனையில் வந்ததைவிட அந்தச் சொம்புதான் என் குமட்டலில் முதலில் வருகிறது. முழுச் சென்னை மார்க்கமும் கழித்துவிட்டுப் போனதன் மேல் உட்கார்ந்துகொண்டு, வேர்வை சிந்தியவன் மேல் படாமல் தண்ணீர் ஊற்றிய குடும்பம் எங்களுடையது. வேறு யாரையும் சொல்லி என்ன?

பெஞ்சுகள் முதலில் தயாராயின. பார்க்க ஜம்மென்று இருந்தன, அதில் சந்தேகமில்லை. அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எல்லாரும் ரயில்வேக்காரர்கள், எல்லாருக்கும் அப்பா மேஸ்திரி. ஆகவே எல்லாருக்கும் மரம் பிரமாதமாக இருந்தது. ஒருவர் காப்பி முடியும்வரை கைக்குட்டையை மீசையிலிருந்து எடுக்கவில்லை. போகும்போது அவர்தான் அதிகமாகப் புகழ்ந்தார்.

மணைக்கு அப்பா ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். பட்டறையிலிருந்து வந்ததும் லுங்கியை மாற்றிக்கொண்டு உளியோடு உட்காருவார். சால் மரம் செதுக்கலுக்கு இடம் கொடுக்காது. உளி ஒரு பக்கம் சொன்னால் மரம் இன்னொரு பக்கம் சிலாம்பாகப் பெயரும். கிளிக்கு மூக்குப் பெயர்ந்து, அதைச் சரிசெய்யத் தலை சிறுத்து, தலைக்குத் தகுந்தாற்போல உடம்பைக் குறைத்து, கடைசியில் பக்கத்துக்கு ஒரு பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்திருந்தது. நான் அப்படிச் சொல்லி ஓர் அறை வாங்கினேன். கல்லிலிருந்து சிற்பம் பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பிறந்தது என்னவென்று எனக்கு இன்றும் தெரியவில்லை, ஆனால் அதற்குச் சிவப்பு மூக்கு இருந்தது.

மணையைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்த அன்றுதான் அக்கா சரியாக மோந்தாள். அதுவரை பின்கட்டு வாடை பின்கட்டோடு இருந்தது. அக்கா உட்கார்ந்து பார்த்தாள், அப்பா ஆசையாக எதிரில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. எழுந்து பின்னால் பாவாடையைப் பிடித்து மோந்தாள். பிறகு மெதுவாக, அப்பாவுக்கு வருத்தம் வராத குரலில், அதில் வாடை அடிக்கிறது என்றாள். தார் எண்ணெய் என்றார் அப்பா. அவள், தாரில்லை, அடியில் வேறு இருக்கிறது என்றாள். என்ன என்று அவர் கேட்க, அவள் சொல்லிவிட்டாள். வேறு எப்படிச் சொல்வது? அதற்குத் தமிழில் இருக்கிற ஓரெழுத்துச் சொல்லைத்தான் சொன்னாள்.

அப்பா உளியைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா சும்மா இருந்துவிடவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், சாம்பிராணிப் புகை காட்டினாள். ஈரம் பட்டதும் அது இன்னும் மலர்ந்தது. சாம்பிராணியோடு சேர்ந்தபோது, கோயிலுக்குள் யாரோ அவசரத்துக்கு ஒதுங்கியது போல இருந்தது. கடைசியில் அவள் தீர்மானமாகச் சொன்னாள். அந்த மணையில் உட்கார முடியாது, வேறு எந்தப் பலகையாவது, ஒரு பாயாவது போட்டால் போதும்.

அத்தைக்கு அப்போதுதான் வேறு நாற்றம் தட்டியது. கல்யாணம் நிச்சயமான பெண் பலகையைச் சாக்கு வைத்து முரண்டு பிடிக்கிறாள் என்றால் உள்ளே ஒருத்தன் இருக்கிறான். அந்தக் காலத்துப் பெரியவர்களின் கணக்கு நமக்குத் தெரியாததா? பெண்ணுக்கு மூக்கு இருக்கலாம், ஆனால் அது மூக்குத்தி போட மட்டும். அக்கா டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள், ஹையர் பரீட்சை அடுத்த வாரம். மறுநாளே கிளாஸ் நின்றது. அங்கே ஆண்பிள்ளை என்று இருந்தவர் பல்செட் மாட்டிய வாத்தியார் ஒருவர்தான், பாவம், அவர் பெயரும் அடிபட்டது. அத்தை அக்காவின் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றுமே கிடைக்காத அளவுக்கு ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள்.

அக்கா கூடத்தின் நடுவில் நின்று சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "எனக்கு மாப்பிள்ளை வேணாம்னு நான் சொல்லல. அவரு யாரு என்னான்னே எனக்குத் தெரியாது. பலகை வேணாம். பலகை நாறுது. வேற ஒண்ணும் இல்லப்பா."

"நாறலைன்னா உக்காருவியா?" என்றார் அப்பா.

"உக்காருவேன். நாறலைன்னு ஒருத்தர் வந்து மோந்து சொல்லட்டும்."

சாட்சி தேடினார்கள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா மணைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தனக்குச் சளி பிடித்திருக்கிறது, ஒரு வாடையும் தெரியவில்லை என்றாள். அந்த வெயில்காலம் முழுக்க அம்மாவுக்குச் சளி. ஒரு தடவைகூடத் தும்மியதில்லை, மூக்கைச் சிந்தியதில்லை, ரசத்தில் பெருங்காயம் சரியாக விழுந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் அது என்ன வியாதி என்று புரிந்தது. எனக்கும் அது அவ்வப்போது வருகிறது.

மிச்சமிருந்தது நான். நான் எப்பேர்ப்பட்ட சாட்சி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரி டப்பாவில் பாம்பு என்று சொல்லி அத்தையைக் கட்டில் மேல் ஏற்றியவன். ஸ்கூலுக்கு மந்திரி வருகிறார் என்று சொல்லிப் புதுச் சட்டை தைத்துக்கொண்டவன். குவார்ட்டர்ஸில் புளுகு மூட்டை என்றால் யார் வீட்டுப் பையன் என்று கேட்கவே வேண்டாம். மணையில் மூக்கை வைத்து, முழு மனதோடு, தெய்வ சத்தியமாக, நாறுகிறது என்றேன். எந்த ஸ்டேஷன் என்பதுவரை சொன்னேன். அத்தை தலையிலடித்துக்கொண்டு, அக்காவே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன அப்பழுக்கில்லாத உண்மை அது ஒன்றுதான். அதற்கு முதுகில் கிடைத்த பரிசைப் பார்த்த பிறகு அந்தத் துறையில் நான் மேற்கொண்டு முயற்சி செய்யவில்லை.

அதன்பின் அக்கா பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் நக்கோ, வேண்டாம் என்று அந்த ஒரு சொல்தான். புடவை எடுக்கக் கூப்பிட்டால் நக்கோ. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். கோபம் வந்தால் அவள் ஹைதராபாத்துக்காரி ஆகிவிடுவாள். பரீட்சை நாள் வந்து, போனது. அன்று முழுக்கக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து பத்து விரலாலும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால் கொசு என்றாள்.

வைகாசி முகூர்த்தம். ரயில்வே ஹாலில் கல்யாணம், தகரக் கூரை, காலையிலேயே உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. அக்காவை மணைக்கு அழைத்து வந்தார்கள். அவள் நின்றாள். புரோகிதர் உட்காரச் சொன்னார். அவள் கீழே மணையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அத்தை அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள். பார்ப்பவர்களுக்கு அது வாஞ்சை. அக்கா உட்கார்ந்தாள்.

பொரி போட வேண்டிய தம்பி என்பதால் நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். ஓமத்தில் நெய் விழ விழ அனல் மணையின் முன்விளிம்பைத் தொட்டது. கழுகின் சிவப்பு மூக்கிலிருந்து முதல் சொட்டு வந்தது. கறுப்பாக, மினுமினுப்பாக. பிறகு கொடியின் ஒவ்வொரு இலையிலும் வேர்த்தது. வெடிப்புகளிலிருந்து கசிந்து, பலகை நெடுக ஊறி, பட்டுப்புடவைக்கும் பட்டுவேட்டிக்கும் அடியில் போனது. கூடவே அந்த வாடை, மல்லிகைப்பூவையும் நெய்யையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு எழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை மூக்கைப் பிடித்தது, அதன் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். புரோகிதருக்கு இருமல் வந்தது, மந்திரம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்கா மூச்சை அடக்கியிருந்தாள். தாலி ஏறியபோது அவள் கண்ணில் நீர் வழிந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டை நினைத்து அழுகை என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

அக்கினியைச் சுற்றி வர எழுந்திருக்கச் சொன்னதும் மணையும் கூடவே எழுந்தது. அரை விநாடிதான். பிறகு ஒட்டியிருந்த பட்டு பிய்ந்து வருகிற சத்தம் கேட்டது. இருவரின் பின்புறத்திலும் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அப்பாவின் முகம் அந்த வேட்டிக் கறையைவிடக் கறுத்துப்போனது. இப்போதாவது ஒருவர் சொல்லப்போகிறார் என்று நான் அத்தனை பேர் வாயையும் பார்த்தேன். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

அத்தைதான் வாய் திறந்தாள். "நல்லதாப் போச்சு. திருஷ்டி எல்லாம் கறுப்பா எறங்கிப் போச்சு, சம்பந்தி. ஊர்க் கண்ணு."

சம்பந்தியம்மாள் இரண்டு கறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, ஆமாம், இரண்டு பேருக்கும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறது என்றார். பக்கத்திலிருந்தவர்களும் ஆட்டினார்கள். நாதஸ்வரம் தொடர்ந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சளி. அத்தனை படித்த, உத்தியோகம் பார்த்த, மூக்குள்ள ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தக் காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றில் லட்டு தின்றதால் என்று பேசிக்கொண்டார்கள்.

அதோடு விட்டார்களா? மணையைக் கழுவி, சாக்கில் சுற்றி, சீர்ப் பாத்திரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். மறுநாள் மத்தியான வண்டியில் பெண்ணை அரக்கோணத்துக்கு அனுப்பினார்கள். கூடப் போகிற தம்பியாக நான். மாப்பிள்ளை வீட்டார் பெட்டி முழுக்கப் பரவி உட்கார்ந்தார்கள். மணைக்கு இடமில்லாமல் கதவோரம், கக்கூஸ் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்.

வண்டி ஊரைத் தாண்டி, சிக்னல் கிடைக்காமல் சோளக்காட்டு ஓரம் நின்றது. பெரியவர்கள் கட்டுச்சோறு தின்ற களைப்பில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து கதவோரம் போனாள். நான் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு நின்றிருந்தார். இரண்டு பேரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா சாக்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். சால் மரம், அசையவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே தூங்குகிறவர்களை எட்டிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். இருவரும் தூக்கி, கதவு வழியாகச் சரித்து விட்டார்கள். மணை சரளைக்கல் மேட்டில் ஒருமுறை புரண்டு, சோளத்துக்குள் போய் விழுந்தது. சாக்கு மட்டும் அக்கா கையில் தங்கியது. அதையும் வீசினாள். கொஞ்ச நேரத்தில் சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது.

வாஷ் பேசினில் இருவரும் கை கழுவினார்கள். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்து, கழுவி, உள்ளங்கையை மோந்து பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"போச்சா பாருங்க."

அவர் குனிந்தார். மருதாணி போட்ட அந்தக் கையை, டாக்டர் மாதிரி, நிதானமாக இரண்டு தடவை மோந்தார்.

"இல்ல" என்றார். "இன்னும் நாறுது."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குழாயடியில் கையை வைத்து, அவசரமே இல்லாமல், மறுபடி சோப்புப் போட ஆரம்பித்தாள்.